பொத்தான் அக்காவின் மடக்குக் கத்தி

இனிமேல் சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை. பொத்தான் அக்கா போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மகன் சிறையிலிருந்து வெளியே வந்து எங்கேயோ வேலை பார்க்கிறான். அவன் கையில் இது கிடைத்தால் படிக்கட்டும். அம்மாவைப் பற்றிய உண்மையைத் தாங்குகிற வயது அவனுக்கு ஆகிவிட்டது.

நானும் அவளும் பழந்துணிக் கிடங்கில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் வேலை செய்தவர்கள். ஊர் ஊராகக் கழித்துப் போட்ட துணியெல்லாம் அமுக்கிக் கட்டிய பொதிகளாக லாரியில் வரும். கட்டை அறுத்துக் கொட்டினால் ஆள் உயரத்துக்குக் குவியும். பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் அதைக் கிழித்து, இயந்திரம் துடைக்கப் பட்டறைகளுக்கு அனுப்புவார்கள். ஒரே ஒரு பொத்தான் தப்பிப் போனாலும் அங்கே எதிலாவது கீறல் விழும், திட்டு நமக்கு வரும். அவள் அறுப்பவள், நான் கிழிப்பவள். எங்கள் வாயும் அப்படித்தான். அவள் சுருக்கமாக அறுத்துவிடுவாள், நான் நீளமாகக் கிழிப்பேன்.

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பழைய துணியின் பாக்கெட்டில் கிடைப்பது எடுத்தவருக்கு. என்ன பெரிய புதையல், உடைந்த சீப்பு, பஸ் டிக்கெட், யார் வீட்டுக் குழந்தையோ பல்லில்லாமல் சிரிக்கிற போட்டோ. ஒரு தடவை எனக்குப் பல்செட் கிடைத்தது. கிழிப்பவளுக்குப் பல்லும் வந்துவிட்டது என்று கிடங்கே சிரித்தது. அக்காவுக்கு ஒரு தடித்த பேண்ட் பாக்கெட்டில் அந்த மடக்குக் கத்தி கிடைத்தது. பழுப்பேறிய கைப்பிடி, நடுவிரல் நீளத்துக்கு அலகு. துருப்பிடித்து இறுகிக் கிடந்ததை அவள் எண்ணெய் விட்டு, விட்டு, மூன்றாம் நாள் நகத்தால் நெம்பித் திறந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கத்தி இல்லாமல் அவளை நான் பார்த்ததே இல்லை.

பொத்தானுக்கு அடியில் அலகை நுழைத்துக் கட்டைவிரலை எதிரே கொடுத்து ஒரு தள்ளு. பொத்தான் டப்பாவில் விழும். கத்திரிக்கோலில் இரண்டு வெட்டு வெட்டுகிற நேரத்தில் அவள் ஒரு சட்டையையே முடித்துவிடுவாள். அதற்கு விலை அந்தக் கட்டைவிரல். அதில் வெட்டுப்படாத நாள் கிடையாது. ரத்தம் வந்தால் கையில் இருக்கிற துணியில் துடைத்துவிட்டு, அலகையும் ஒரு தடவு தடவிவிட்டு, அடுத்த சட்டையை எடுப்பாள். கத்தியின் மூட்டுக்குள் நூலும் பஞ்சும் அவள் ரத்தமும் சேர்ந்து அழுக்காகக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. நான் பார்த்திருக்கிறேன். ஊசியால் கிண்டிக் கழுவு என்று சொன்னதற்கு, என் ரத்தம்தானே என்றாள்.

வீட்டிலும் அதுதான். பால் பாக்கெட் வெட்ட, மாத்திரை அட்டை கிழிக்க, பழம் நறுக்க, சிக்கிக்கொண்ட ஜன்னல் கொண்டியை நெம்ப, எல்லாவற்றுக்கும் அந்தக் கத்தி. கால் நகம் வெட்டுவதும் அதில்தான். நகத்துக்கும் பழத்துக்கும் நடுவில் கழுவினாளா என்று நான் விசாரித்ததில்லை, அவள் வீட்டில் பழமும் தின்றதில்லை. கத்தி வைக்க ஒரு சின்னத் துணிப்பை தைத்து இடுப்பில் கட்டியிருந்தாள். காலையில் உடுத்தி முடித்ததும் கடைசியாகக் கத்தி அந்தப் பைக்குள் போகும். மற்றவர்கள் வாசலில் நின்று வீட்டுச் சாவி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அவளுக்கு அந்தத் தட்டிப் பார்த்தல்கூடத் தேவைப்பட்டதில்லை. வைக்கிறோம் என்று தெரியாமலே வைப்பாள், எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுப்பாள். பொம்பளைக்கு எதுக்குக் கத்தி என்று மேற்பார்வையாளர் ஒருநாள் கேட்டதற்கு, பொத்தானெல்லாம் ஆம்பளைங்க சட்டையிலதானே இருக்கு என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவளுக்கு ஒரே மகன். நடக்கத் தொடங்கும் முன்பே தகப்பன் வேறு குடும்பம் தேடிப் போய்விட்டான். மகன் ஒரு படச் சட்டம் போடுகிற கடையில் வேலை பார்த்தான். வாயில்லாப் பூச்சி. நான் பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்குத் தலையாட்டுவான். கண்ணாடி அறுக்கிற வேலைக்கு அந்த அமைதி நல்லதுதான். உலகத்துக்கு ஆகாது.

ஒரு விடுமுறை நாள் மதியம், கத்தி மொட்டையாகிவிட்டது, கடைத்தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்து வாங்கி வா என்று அவனை அனுப்பினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. அவன் போன நேரத்தில் சாணைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். இவன் ஓரமாக நின்று காத்திருந்தான். எதிரே மதுக்கடை வாசலில் ஏதோ தகராறு முற்றி ஒருவனுக்குக் குத்து விழுந்தது. குத்தியவன் ஓடினான், பார்த்தவர்களும் ஓடினார்கள், இவனும் ஓடினான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஓடியவர்களில் போலீஸ் கையில் சிக்கியவன் இவன், இவன் பாக்கெட்டில் ஒரு மடக்குக் கத்தி, அதன் மூட்டுக்குள் மனித ரத்தம். வேறென்ன வேண்டும் அவர்களுக்கு? ஓடாமல் நின்றிருக்கலாமே என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒருத்தரும் கத்திக்குத்து நடக்கிற இடத்தில் நின்று பார்த்தவர்கள் இல்லை.

ரத்தத்தின் வகை பார்த்தார்களாம். குத்துப்பட்டவனுக்கும் அதே வகை. ஊரில் பாதிப் பேருக்கு அதே வகைதான், அக்காவுக்கும் அதுதான். குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் இருட்டுக்குள் முகம் தெரியவில்லை என்றான். பட்டப்பகலில் என்ன இருட்டு என்று கேட்காதீர்கள், அவன் கண்ணுக்குள் இருந்த இருட்டு பாட்டிலில் வந்தது. சாணைக்காரர் இவனைப் பார்க்கவே இல்லை என்றார். அதுவும் உண்மைதான்.

ஜாமீன் கிடைக்கவில்லை. வாரம் ஒருநாள் சிறைக்குப் போய்ப் பார்க்கலாம். அக்காவுக்குத் துணையாகச் சில வாரம் நானும் போவேன். முழுப் பழம் உள்ளே போகாது, உள்ளுக்குள் எதையாவது செருகிக் கொண்டுவருவார்கள் என்று, துண்டு போட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். அவள் ஆப்பிளை மெல்லிசாக நறுக்கி டப்பாவில் வைத்து எடுத்து வருவாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன் வந்து நிற்பான். ஒரு வாரம் உதடு கிழிந்திருக்கும், ஒரு வாரம் கண் வீங்கியிருக்கும். என்னடா என்றால் வழுக்கி விழுந்துவிட்டேன் என்பான். ஒரு வாரம் ஒரு கையை அசைக்காமலே நின்றான். அந்தச் சிறையில் அப்படி என்னதான் வழுக்குமோ. உள்ளே வைத்தே அவனைக் கொன்றுவிடுவார்கள் என்ற பயம் அக்காவைப் பிடித்துக்கொண்டது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

இதற்கு நடுவில் அவள் இன்னொரு கத்தி வாங்கிவிட்டாள். பழையதுதான் போலீஸிடம் போய்விட்டதே. கத்திரிக்கோலில் வெட்டி வெட்டி மணிக்கட்டு வீங்கி, ஒரு பொதியில் பாதிகூட முடியவில்லை. இரும்புக் கடையில் அதே மாதிரி மடக்குக் கத்தி ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தாள். எனக்கு வந்ததே கோபம். பட்டது போதாதா உனக்கு என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கை கேக்குதுடி என்றாள். அப்புறம் அது இடுப்புப் பைக்குள் போயிற்று. பழையபடி பொத்தான்கள் டப்பாவில் விழுந்தன.

அரசு ஏற்பாடு செய்த வக்கீல் ஓர் இளம்பிள்ளை. மீசை அப்போதுதான் முடிவு செய்துகொண்டிருந்தது, வரலாமா வேண்டாமா என்று. ஆனாலும் குறை சொல்லமாட்டேன், கேஸ் கட்டைப் படித்துவிட்டு வந்த பிள்ளை. அவர் அக்காவை உட்கார வைத்து விளக்கினார். கத்தி உங்களுடையது, சாணை பிடிக்க அனுப்பியது நீங்கள், மூட்டில் இருக்கிற ரத்தம் உங்களுடையது. இந்த மூன்றையும் கூண்டில் ஏறிச் சொல்லி, கட்டைவிரலைக் காட்ட வேண்டும்.

"அம்மா, இந்தக் கேஸே நீங்கதான்," என்றார். "உங்களை நம்பினா அவன் வெளிய வந்துடுவான். நம்பலைன்னா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல."

சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். என் கண் முன்னாலேயே கத்தியை இடுப்பிலிருந்து எடுத்துச் சமையலறைப் பலகையில், சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். நாளைக்கு இது இங்கேயே இருக்கட்டும் என்று அவளே சொன்னாள். மகனுக்குப் பிடித்த நீலச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். விட்டுவிட்டால் அப்படியே அதைப் போட்டுக் கூட்டி வரலாமாம். ஒரே நாளில் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் நான் சும்மா இருந்தேன். ஆசைப்படுவதற்குமா தடை?

மறுநாள் கோர்ட்டு வாசலில் நீளமான வரிசை. பெண்கள் வரிசையில் ஒரு பெண் காவலர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். போன், லைட்டர், கத்தி, பிளேடு ஏதாவது இருக்கா என்று ஒவ்வொருத்தரிடமும் ஒரே ராகத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அக்காவுக்கு அன்றைக்கு என்று வாய் நீண்டது.

"கத்தியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேம்மா," என்றாள்.

கேட்ட கேள்விக்கு இப்படி யாரும் பதில் சொல்லியிருக்கமாட்டார்கள் போல. காவலர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கை அக்காவின் இடுப்புக்குப் போயிற்று, அங்கேயே நின்றது. பைக்குள் விரலை விட்டு எடுத்தபோது அவர் கையில் அந்தக் கத்தி இருந்தது. அக்கா அதை யாரோ ஒருத்தருடைய பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். இது எப்படி இங்கே வந்தது என்று காவலரிடமே கேட்டாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது, அவளைப் பார்த்தால் இப்போதும் கிழிப்பேன்.

வாசலை ஒட்டிய அறையில் உட்கார வைத்தார்கள். எந்த வழக்கு என்று கேட்டார்கள். கத்திக்குத்து வழக்கில் உள்ளே இருப்பவனின் அம்மா என்று தெரிந்ததும் அந்த அறையின் காற்றே மாறிவிட்டது. யாரைக் குத்த வந்தாய், மகனுக்குக் கொடுக்க வந்தாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். நான் குறுக்கே பேசப்போய் என்னையும் உட்காரச் சொன்னார்கள். அக்கா காலையில் இருந்து நடந்ததை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் என் கையைப் பிடித்தாள்.

"பால் பாக்கெட்டு," என்றாள். "காலையில பால் பாக்கெட்டை வெட்டினேன்டி."

அதுதான் நடந்தது. பாலைக் கண்டதும் கை பலகைக்குப் போயிருக்கிறது, கத்தியை எடுத்திருக்கிறது, வெட்டியிருக்கிறது, மடக்கியிருக்கிறது. உடுத்தி முடித்ததும் எங்கே வைக்குமோ அங்கே வைத்திருக்கிறது. கை செய்ததைக் கை அவளிடம் சொல்லவில்லை. மகனை நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

வக்கீல் பிள்ளை ஓடி வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. வேறொரு நாள் கேட்டுப் பார்த்தார், நீதிபதி கொடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் ஒரு காவலர் பக்கத்தில் நடக்க அக்காவைக் கூண்டில் ஏற்றினார்கள். எதிரே மகன் நின்றான். அவள் சொல்ல வேண்டிய மூன்றையும் தெளிவாகச் சொன்னாள். எனக்கே ஆச்சரியம், அவ்வளவு கோர்வையாக அவள் பேசி நான் கேட்டதில்லை. கத்தி எங்கே வாங்கியது என்றதற்குப் பழைய பேண்ட் பாக்கெட்டில் கிடைத்தது என்றாள். யாரோ செருமினார்கள். கட்டைவிரலைக் காட்டினாள். நீதிபதி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் அரசு வக்கீல் எழுந்தார். பெரிய குரல் எல்லாம் இல்லை. வயதானவர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"இன்னைக்கு வாசல்ல உங்ககிட்ட இருந்து என்னம்மா எடுத்தாங்க?"

"கத்தி."

"காவலர் கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னேன்."

"அப்போ அது பொய்."

"பொய் இல்லைங்க. மறந்துட்டேன்."

"இடுப்புல கத்தி இருக்கறதை மறந்துட்டீங்க. சரி." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "மகன் பாக்கெட்டுல இருந்த கத்தியைப் பத்தி மட்டும் எல்லாமே ஞாபகம் இருக்கு."

மேஜையில் இரண்டு கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே மாதிரி. அண்ணன் தம்பி போல இருந்தன. குடும்ப வழக்கம் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் கேஸ். எந்தக் கத்தி அவள் சொன்னது உண்மை என்று காட்டியிருக்க வேண்டுமோ, அதே கத்தி அவளைக் கவிழ்த்துவிட்டது. எந்நேரமும் கத்தி வைத்திருப்பவள் என்று சொல்லத்தானே போனாள்? எந்நேரமும் வைத்திருந்தாள். ஆனால் அதை நம்ப வேண்டுமென்றால் ஒரு நாளாவது பொத்தான் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

தீர்ப்பில் ஏழு வருஷம் என்றார்கள். அக்கா அழவில்லை. கையோடு எடுத்து வந்திருந்த நீலச் சட்டையைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்தாள். அவள் மேல் தனியாக ஒரு வழக்குப் போட்டு, எச்சரித்து விட்டுவிட்டார்கள். கிடங்குக்குத் திரும்பி வந்தவள் மறுபடி கத்தியே வாங்கவில்லை. கத்திரிக்கோலில் வெட்டினாள். இடுப்புப் பையை அவிழ்த்து எறிந்துவிட்டாள், ஆனால் கை அடிக்கடி இடுப்புக்குப் போய்த் திரும்பும். நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளுக்குள் ஏதோ அறுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும், அதற்கு என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தீர்ப்புக்குப் பிறகு கொஞ்ச நாள் யாரையும் பார்க்க விடவில்லை. அப்புறம் அனுமதி வந்தது. ஆப்பிளை நீ நறுக்கித் தருகிறாயா என்று என்னிடம் கேட்டாள். என் வீட்டுக் காய்கறிக் கத்தியில் நறுக்கி எடுத்துக்கொண்டு நானும் போனேன். சிறை வாசலில் யாரும் சொல்லும் முன்பே அவள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். கையை இறக்குங்க, இன்னும் உங்க முறை வரல என்று காவலர் சொல்ல வேண்டியிருந்தது.

வலைக்கு அந்தப் பக்கம் மகன் வந்தான். நான் முதலில் முகத்தைத்தான் பார்த்தேன். வீக்கம் இல்லை, காயம் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த முகம். தலை வாரியிருந்தான். அவனாகவே பேச ஆரம்பித்தான், அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. கோர்ட்டில் நடந்தது இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். மகனைப் பிடித்து வைத்ததற்காக ஆளைக் குத்த அம்மாவே கத்தியோடு கோர்ட்டுக்குள் போனாள் என்று உள்ளே ஒரே பேச்சாம். முன்னால் அடித்தவர்கள் இப்போது சாப்பாட்டு வரிசையில் இவனுக்கு இடம் விடுகிறார்களாம். அவன் தாயைப் பற்றித் தப்பாக யாராவது பேசினால் மற்றவர்களே அதட்டுகிறார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். வலையில் விரலை மாட்டிக்கொண்டு, சின்ன வயதில் கேட்ட மாதிரிக் கேட்டான்.

"எனக்காகத்தான் கொண்டு வந்தியாம்மா?"

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். நெற்றி, கண், உதடு என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தாள். முன்பு எங்கெங்கே காயம் இருந்ததோ அங்கெல்லாம் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"ஆமாடா," என்றாள். "உனக்காகத்தான்."

அவன் சிரித்தான். ஆப்பிள் துண்டுகளை எல்லாம் எங்கள் எதிரிலேயே தின்று முடித்தான்.

பஸ்ஸில் எனக்குப் பொறுக்கவில்லை. சத்தியத்தைச் சொல்லிவிட்டுத் தோற்றோம், இப்போது அவனிடமே பொய்யா என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மறதியாலதான் உனக்கு ஏழு வருஷம்னு அவன்கிட்ட எப்படிடி சொல்றது?" என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "முகத்தைப் பார்த்தியா, ஒரு கீறல் இல்ல," என்றாள்.

அடுத்த வாரமோ என்னவோ, கிடங்கில் லாரியிலிருந்து பொதி இறக்குகிற ஆள் ஒருவர் என் பலகைக்கு வந்தார். அவருடைய மச்சான் அதே சிறையில் இருக்கிறான். வாரா வாரம் போய்ப் பார்ப்பவர், இங்கே கேட்டதை அங்கே சொல்பவர். அக்கா அந்தப் பக்கம் கத்திரிக்கோலோடு குனிந்திருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, நீங்கதானே கூடப் போனீங்க, அந்தம்மா நிஜமாவே குத்தத்தான் போனாங்களா, இல்ல சும்மா கட்டிவிட்ட கதையா என்று கேட்டார். என் வாய் பொய்க்குப் பழகிய வாய் இல்லை, எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்து கேட்டார்.

கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தேன்.

"கதையா? வாசல்ல மட்டும் பிடிக்காம இருந்திருந்தா அன்னைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்," என்றேன். "அவளை லேசா நினைக்காதீங்க. உங்க மச்சான்கிட்டயும் சொல்லி வைங்க."

அவர் அக்கா இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அக்கா நிமிரவில்லை. நான் சட்டையை எடுத்துத் தையலில் பிடித்துக் கிழித்தேன்.